சேமித்தாகிவிட்டது என்று எடிட்டர் சொன்ன பிறகு கோப்புக்கு என்ன ஆகிறது?

2025 ஜூன் 9, காலை. மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

"நேற்று இரவு மழையில் மின்சாரம் போனது. அதற்குச் சற்று முன்புதான் கன்ட்ரோல்-எஸ் அழுத்தினேன். சேமிக்காத கோப்பைக் காட்டும் அடையாளம் தாவலிலிருந்து மறைந்ததையும் பார்த்தேன். மின்சாரம் வந்த பிறகு திறந்தால் கோப்பின் அளவு சரியாக இருக்கிறது, ஆனால் உள்ளே 'நல்' 'நல்' என்று கறுப்புக் கட்டங்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை. விண்டோஸ் கணினி, யுபிஎஸ் பேட்டரி செத்துப் பல மாதம் ஆகிறது. சேமிக்காமலேயே சேமித்ததாகக் காட்டியது எடிட்டர் சொன்ன பொய் என்கிறேன். மறுப்பவர் உண்டா?"

2025 ஜூன் 9, இரவு

மறுக்கிறேன், ஆனால் முழுவதுமாக அல்ல. எடிட்டர் தன் வேலையை முடித்துவிட்டது. அந்த வேலை நாம் நினைப்பதைவிடச் சிறியது என்பதுதான் சிக்கல்.

கன்ட்ரோல்-எஸ் அழுத்தியதும் எடிட்டர் உள்ளடக்கத்தை இயக்கமுறைமையிடம் ஒப்படைக்கிறது. இயக்கமுறைமை அதை நினைவகத்தில் உள்ள கேச் என்ற தற்காலிக இடத்தில் வாங்கி வைத்துக்கொண்டு உடனே சரி என்று சொல்லிவிடுகிறது. வட்டில் எழுதுவது பிற்பாடு, தனக்குத் தோதான நேரத்தில் நடக்கிறது. லினக்ஸில் இதற்கான இயல்பு மதிப்புகள் வெளிப்படையாகவே இருக்கின்றன: 5 நொடிக்கு ஒருமுறை விழித்தெழும் பின்னணி வேலை ஒன்று, 30 நொடிக்கு மேல் கேச்சில் காத்திருக்கும் பக்கங்களை வட்டுக்கு அனுப்புகிறது. விண்டோஸிலும் ஏற்பாடு இதே வகைதான். அதன் பிறகு வட்டுக்கென்றே ஒரு சிறு கேச் இருக்கிறது. அங்கேயும் கொஞ்ச நேரம் தங்கல் உண்டு.

எடிட்டர் விரும்பினால், இப்போதே எழுதி முடித்துவிட்டுப் பதில் சொல் என்று இயக்கமுறைமையை வற்புறுத்தலாம். லினக்ஸில் அதற்கான அழைப்பு எஃப்சிங்க், விண்டோஸில் ஃப்ளஷ்ஃபைல்பஃபர்ஸ். விம் என்ற எடிட்டர் இதை இயல்பாகவே செய்கிறது. செய்யாத எடிட்டர்களும் இருக்கின்றன. செய்தால் பெரிய கோப்பில் சேமிப்பு ஒரு கணம் நின்று நகரும், பயனர் உடனே எடிட்டர் மெதுவாக ஓடுகிறது என்று குறை சொல்வார். உங்கள் கோப்பு அந்த ஒரு கணத்துக்காகப் போனது என்பதே என் ஊகம்.

2025 ஜூன் 10

அளவு சரியாக இருக்கும்போது உள்ளே ஏன் சுழியாக ('நல்' என்று தெரிவது சுழி மதிப்புள்ள பைட்தான்) இருக்கிறது என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். விண்டோஸ் வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை, கோப்பின் பெயர், நீளம், இடம் போன்ற விவரங்களுக்கு மட்டுமே பதிவேடு வைக்கிறது. உள்ளடக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மின்சாரம் போன கணத்தில் நீளம் பதிவேட்டில் ஏறியிருந்தது, எழுத்துகள் இன்னும் கேச்சில்தான் இருந்தன. மீண்டும் இயங்கும்போது, ஒதுக்கப்பட்டும் எழுதப்படாமல் கிடக்கும் பகுதியை யாராவது படிக்கக் கேட்டால் விண்டோஸ் சுழிகளைத் தருகிறது. அந்த இடத்தில் முன்பு கிடந்ததை அப்படியே தந்தால், அழிக்கப்பட்ட இன்னொரு கோப்பின் இரகசியம் வெளியாகிவிடும் என்பதால் அப்படிச் செய்வதுதான் நியாயமும்கூட.

இதைவிடக் கசப்பான ஒன்றும் இருக்கிறது. இன்றைய எடிட்டர்கள் பலவும், சேமிக்கப்படாத மாற்றங்களைச் சில நொடிக்கு ஒருமுறை தனியாகப் பிரதி எடுத்து வைக்கின்றன. நோட்பேட்++ இல் இதன் இயல்பு இடைவெளி 7 நொடி. நீங்கள் சேமித்ததும் அந்தப் பிரதி தேவையில்லை என்று அழிக்கப்படுகிறது. ஆகவே அந்த நேரத்தில் கன்ட்ரோல்-எஸ் அழுத்தாமல் இருந்திருந்தால், கடைசி வரியைத் தவிர மற்றவை கிடைத்திருக்கவும் கூடும்.

யுபிஎஸ் பேட்டரியை மாற்றுங்கள் என்று அறிவுரை சொல்ல நான் யார்? முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்று, நம் தெருவில் தென்னை மட்டையைக் கம்பியில் போட்டு மின்சாரத்தைப் பறித்துக்கொண்டு போகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நம் மாவட்டத்துக்கு வருகின்றன என்பதால் இதற்கு ஆண்டில் இரண்டு பருவம் உண்டு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்த பிறகு பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை; அப்போது கோப்பைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, அது வேறு.

2025 ஜூன் 12

நாகர்கோவில் நண்பர் ஒருவர், இது விண்டோஸின் நோய், லினக்ஸுக்கு வந்துவிட்டால் போய்விடும் என்று எழுதியிருக்கிறார். அவருக்காக ஒரு பழைய கதை.

லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை 2008 டிசம்பரில் வெளியான 2.6.28 கெர்னலில் (கெர்னல் என்பது இயக்கமுறைமையின் மையப் பகுதி) நிலையானதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த சில மாதங்களிலேயே, லினக்ஸ் வகையான உபுண்டு 9.04 இன் சோதனைப் பதிப்புகளைப் பயன்படுத்தியவர்கள், கணினி உறைந்து மீண்டும் இயங்கியதும் தங்கள் அமைப்புக் கோப்புகள் சுழி நீளத்தில் கிடப்பதாகப் புகார் சொல்லத் தொடங்கினார்கள். காரணம், வட்டில் இடம் ஒதுக்குவதையே எக்ஸ்ட்4 முடிந்தவரை தள்ளிப்போடும். அதற்கு முந்தைய எக்ஸ்ட்3 இல் இயல்பாக 5 நொடிக்குள் வட்டுக்குப் போய்ச் சேர்ந்தது, எக்ஸ்ட்4 இல் அரை நிமிடத்துக்கும் மேலாகக் கேச்சில் தங்கியது. எக்ஸ்ட்4 ஐப் பராமரித்த தியடோர் சோ, விதிப்படி எஃப்சிங்க் கேட்காத நிரல்களுக்கு இந்த உத்தரவாதம் ஒருபோதும் தரப்பட்டதில்லை என்று விளக்கினார். அப்படி விளக்கிவிட்டு, நடைமுறையை மதித்துத் திருத்தத்தையும் எழுதினார். அது 2009 இல் 2.6.30 கெர்னலில் சேர்ந்தது. ஒரு கோப்பைக் காலியாக்கி மீண்டும் எழுதினாலோ, புதுக் கோப்பை எழுதிப் பழைய பெயரின் மேல் வைத்தாலோ, அந்த உள்ளடக்கத்தைத் தாமதிக்காமல் வட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு அது.

விதியும் வழக்கமும் மோதும்போது விதியை மட்டும் காட்டிவிட்டு நகராமல் இருந்தார் என்பதற்காக எனக்கு அவர்மேல் மதிப்பு. ஆனால் அந்தத் திருத்தம் ஆபத்தின் வாயைச் சுருக்கியதே தவிர மூடிவிடவில்லை.

மேலே நான் சொன்ன இரண்டு முறைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இனி வரப்போகும் வழக்குகள் எல்லாம் அதில்தான் அடங்கியிருக்கின்றன. முதல் முறையில் எடிட்டர் அதே கோப்பைத் திறந்து, நீளத்தைச் சுழியாக்கி, புதிய உள்ளடக்கத்தை அதே இடத்தில் எழுதுகிறது. காலியாக்கியதற்கும் எழுதி முடித்ததற்கும் இடையே மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. இரண்டாவது முறையில் அதே அடைவில் (ஃபோல்டரில்) ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி, அதில் முழுவதையும் எழுதி, எஃப்சிங்க் செய்து, பின்பு அதற்குப் பழைய கோப்பின் பெயரைச் சூட்டுகிறது. பெயர்மாற்றம் பிளவுபடாத ஒரே செயல் என்று யூனிக்ஸ் வகை இயக்கமுறைமைகளுக்கான போசிக்ஸ் விதி சொல்கிறது. எந்தக் கணத்தில் பார்த்தாலும் அந்தப் பெயரில் பழைய கோப்பு முழுதாக இருக்கும், அல்லது புதியது முழுதாக இருக்கும். மழைக்காலத்தில் என் வாக்கு இரண்டாவதற்கே.

2025 ஜூன் 13

"அப்படியானால் எல்லா எடிட்டர்களும் இரண்டாவது முறையையே கட்டாயமாக்கலாமே, இதில் தயங்க என்ன இருக்கிறது?" என்று தக்கலை வாசகர். நல்ல கேள்வி. தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது, அதை நான் கற்றுக்கொண்டது ஒரு ரப்பர் பால் கடையில். நேரம் கிடைக்கும்போது விரிவாக எழுதுகிறேன்.

2025 ஜூன் 17

குலசேகரத்தை அடுத்த ஓர் ஊரில் ரப்பர் பால் கொள்முதல் செய்யும் கடை. காலையில் விவசாயிகள் கேனில் பால் கொண்டுவருவார்கள். எடைபோட்டு, மெட்ரோலாக் மிதவையை விட்டு உலர் ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்து, அதற்கேற்பக் காசு. கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ரப்பர் வாரியம் அன்றாடம் வெளியிடும் விலையைப் பார்த்துவிட்டு, கடைக்காரர் தன் கொள்முதல் விலையை ஒரு சிறு உரைக்கோப்பில் மாற்றுவார். முன்பு யாரோ எழுதிக் கொடுத்த நிரல் ஒன்று அந்தக் கோப்பைக் கவனித்துக்கொண்டே இருக்கும்; மாற்றம் தெரிந்ததும் புதிய விலையை எடுத்துச் சீட்டு அடிக்கும். நெடுநாள் ஒழுங்காக ஓடியது. கடைக்காரரின் மருமகன் ஊருக்கு வந்தபோது, பழைய எடிட்டர் அழகாக இல்லையென்று வேறொன்றை நிறுவிக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகுதான் என்னை அழைத்தார்கள்.

"தம்பி, நான் விடியக்காலையிலேயே மாத்தினதாக்கும். இது இப்பவும் நேத்தைய விலையையே போடுது" என்றார் கடைக்காரர். கோப்பைத் திறந்தால் புதிய விலை பளிச்சென்று இருக்கிறது. சீட்டில் பழைய விலை. வரிசையில் நின்ற ஒரு பெரியவர், விலை ஏறினால் மட்டும் இயந்திரத்துக்குக் காது கேட்காது போலிருக்கிறது என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைக்கு ஐநோட் எண்ணைக் காட்டும் தெரிவைக் கொடுத்துப் பார்த்தேன். ஐநோட் என்பது, பெயர் எதுவானாலும் கோப்பு முறைமை ஒரு கோப்பை அடையாளம் காணும் பதிவு. சேமிக்கும் முன் ஓர் எண். ஓர் எழுத்தை மாற்றிச் சேமித்த பின் வேறோர் எண். நிரல் பிடித்துவைத்திருந்த கோப்புகளைப் ஓடும் நிரல்களின் விவரங்களைக் காட்டும் புராக் அடைவில் பார்த்தால், விலைக் கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'அழிக்கப்பட்டது' என்று இருந்தது. புதிய எடிட்டர் இரண்டாவது முறையில் சேமித்திருக்கிறது. வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிப் புதிய வீட்டில் மாட்டியாகிவிட்டது. நிரலோ பழைய வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து, உள்ளே யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. கோப்பு மாற்றத்தை நிரல்களுக்கு அறிவிக்கும் லினக்ஸின் ஐநோட்டிஃபை பெயரைக் கவனிப்பதில்லை, ஐநோட்டைத்தான் கவனிக்கிறது என்பதால் இப்படி ஆகிறது.

அன்று கடை நிற்கக் கூடாது என்பதால் எடிட்டரின் அமைப்பை மாற்றி, அதே கோப்பின் மேல் எழுதும்படி செய்துவிட்டு வந்தேன். ஒவ்வொரு எடிட்டரிலும் இதற்கு ஒரு திருகு இருக்கிறது. விம்மில் பேக்கப்காப்பி என்ற தெரிவை 'யெஸ்' (ஆம்) என்று வைக்க வேண்டும். சப்ளைம் டெக்ஸ்டில் அட்டாமிக்_சேவ் என்பதை அணைக்க வேண்டும். ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்களில் 'சேஃப் ரைட்' என்ற பெயரில் ஒரு கட்டம் இருந்தது. வலைத்தள உருவாக்கத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வலை நிரல்களைத் தொகுக்கும் வெப்பேக் கருவியின் வழிகாட்டியே, மாற்றத்தைக் கவனிக்கும் வேலை சில எடிட்டர்களில் தவறலாம் என்று சொல்லி இந்த மூன்று திருகுகளையும் பெயர் சொல்லிக் காட்டுகிறது.

2025 ஜூன் 18

ஈமேக்ஸ் எடிட்டரின் பயனர்கள் தங்களை மறந்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்கிறார்கள். மறக்கவில்லை, அதன் நடத்தை தனி ரகம் என்பதால் ஒத்திவைத்தேன். ஒரு கோப்பைத் திறந்து முதல்முறை சேமிக்கும்போது, ஈமேக்ஸ் இயல்பாகப் பழைய கோப்பின் பெயருக்குப் பின்னால் ஓர் அலைக்குறியைச் சேர்த்துக் காப்புப் பிரதியாக ஒதுக்கிவிட்டு, பழைய பெயரில் புதிய கோப்பை எழுதுகிறது. ஆகவே ஐநோட் மாறுகிறது. அதே அமர்வில் அடுத்தடுத்துச் சேமிக்கும்போது புதிதாகக் காப்பு எடுப்பதில்லை. இருக்கும் கோப்பின் மேலேயே எழுதுகிறது, ஐநோட் மாறுவதில்லை. இதைச் சோதிக்கிறேன் என்று உட்கார்ந்தவர் முதல்முறை ஒரு முடிவுக்கும் இரண்டாம்முறை அதற்கு நேர்மாறான முடிவுக்கும் வந்து, தன் கண்ணையே சந்தேகிப்பார்.

விம்முக்கும் ஒரு வேடிக்கை உண்டு. அடைவைக் கவனிக்கும் நிரல் எதையாவது ஓடவிட்டு விம்மில் சேமித்துப் பாருங்கள். 4913 என்ற பெயரில் ஒரு கோப்பு தோன்றி உடனே மறையும். யாரோ கணினிக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று அஞ்ச வேண்டாம். இந்த அடைவில் புதுக் கோப்பு உருவாக்க முடிகிறதா, உருவாக்கினால் உரிமையாளர் சரியாக அமைகிறாரா என்று விம் தொட்டுப் பார்க்கும் கோப்பு அது. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் 123 ஐக் கூட்டி அடுத்த எண்ணை முயலும்.

2025 ஜூன் 24

உரிமையாளர் என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பெயர்மாற்ற முறையில் கோப்பின் அனுமதியைவிட அடைவின் அனுமதிதான் முக்கியம். கோப்பில் எழுத உங்களுக்கு உரிமை இருந்தும் அடைவில் இல்லையென்றால் தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியாது, சேமிப்பு தோற்கும். மறுபக்கம் இன்னும் விநோதம். உங்கள் சொந்த அடைவுக்குள் ரூட் என்ற நிர்வாகப் பயனருக்குச் சொந்தமான, நீங்கள் படிக்க மட்டுமே முடிகிற கோப்பு ஒன்று இருந்தால், விம்மில் ஆச்சரியக்குறி போட்டு வற்புறுத்திச் சேமித்துப் பாருங்கள், சேமித்துவிடும். பழைய கோப்பை அகற்றி, அதே பெயரில் உங்களுக்குச் சொந்தமான புதிய கோப்பை வைத்துவிடும். இதில் பாதுகாப்பு ஓட்டை எதுவும் இல்லை; அடைவு உங்களுடையது என்றால் அதிலுள்ள பெயர்களை மாற்றும் உரிமையும் உங்களுடையதுதான். ஆனால் முதன்முறை பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும்.

சிம்லிங்க் (வேறிடத்துக் கோப்பைச் சுட்டும் இணைப்பு) வைத்து அமைப்புக் கோப்புகளை ஒரே அடைவில் திரட்டி வைத்திருப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். கவனமில்லாத எடிட்டர் இணைப்பின் பெயரின் மேலேயே புதுக் கோப்பை வைத்துவிடும். இணைப்பு போய்ச் சாதாரணக் கோப்பு நிற்கும், திரட்டி வைத்த இடத்தில் பழைய பிரதி அப்படியே கிடக்கும். ஒரே கோப்புக்கு இரண்டு பெயர் தரும் ஹார்ட் லிங்க்கிலும் இதே கதைதான், அங்கே கண்டுபிடிக்க இன்னும் நாளாகும். விம்மின் பேக்கப்காப்பிக்கு உரிய 'ஆட்டோ' தெரிவு இந்த இரண்டையும் பார்த்து, இணைப்பு இருந்தால் பெயர்மாற்றத்தைக் கைவிட்டு அதே கோப்பின் மேல் எழுதுகிறது. அந்தத் தெரிவை எழுதியவர் இதையெல்லாம் பட்டு அறிந்திருக்க வேண்டும்.

2025 ஜூலை 2

ஒரு வாசகர் விவாதத்தை வேறு பக்கம் இழுக்கிறார்: "நான் ஒரே ஒரு வரியைத்தான் மாற்றினேன். கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் பார்த்தால் நூற்றுக்கணக்கான வரிகள் மாறியதாகக் காட்டுகிறது. இதுவும் சேமிப்பின் கோளாறுதானே?"

ஆம், இதுவும் சேமிப்பில் நடப்பதுதான். ஆனால் வட்டுக்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமில்லை. உள்ளடக்கத்தை ஒப்படைப்பதற்கு முன் அதைத் திருத்தி அழகுபடுத்தும் வழக்கம் எடிட்டர்களுக்கு உண்டு. வரிமுறிவை விண்டோஸ் பாணியிலிருந்து யூனிக்ஸ் பாணிக்கு மாற்றினால் கோப்பின் ஒவ்வொரு வரியும் மாறியதாகவே கிட் எண்ணும். கோப்பின் கடைசி வரிக்குப் பிறகு வரிமுறிவு இல்லையென்றால் விம் இயல்பாகவே ஒன்றைச் சேர்த்துவிடும். வரி என்பது வரிமுறிவில் முடிவது என்ற போசிக்ஸ் வரையறை அதன் பக்கம் இருக்கிறது. வி.எஸ். கோட் எடிட்டர் இயல்பாகச் சேர்ப்பதில்லை. ஒரே கோப்பை இரண்டு பேர் இரண்டு எடிட்டரில் திருத்தினால், யாரும் கேட்காத ஒரு வரி மாற்றம் ஒவ்வொரு முறையும் வந்து போகும்.

வரியின் இறுதியிலுள்ள வெற்றிடங்களை வெட்டுவதை நல்ல பழக்கம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு பாதிதான். எளிய குறிகளால் வடிவமைக்கும் மார்க்டவுனில் வரி இறுதியில் இரண்டு வெற்றிடம் விட்டால் வரியை உடை என்று பொருள். வெட்டினால் கவிதை உரைநடையாகிவிடும். தாவல் குறியால் பிரித்த பட்டியலில் இது இன்னும் ஆபத்து. கடைசிப் பத்திகள் காலியாக இருந்தால் அங்கே இருப்பது தாவல் குறிகள் மட்டும். வெட்டும் எடிட்டர் அவற்றையும் வெற்றிடம் என்று கருதி அகற்றிவிடும், சில வரிகளில் ஒன்பது பத்தியும் சிலவற்றில் ஆறு பத்தியும் என்று பட்டியல் கோணல்மாணலாக நிற்கும். வட்டில் எப்படி எழுதுவது என்பதை எடிட்டர் முடிவு செய்யட்டும். எதை எழுதுவது என்பதை என்னைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது. எடிட்டர்களுக்கான விதிகளை எழுதிவைக்கும் எடிட்டர்கன்ஃபிக் கோப்பு ஒன்றைத் திட்டத்தோடு வைத்துவிட்டால், இந்த முடிவுகள் ஒவ்வொரு கோப்பு வகைக்கும் எழுத்தில் இருக்கும், சண்டையும் குறையும்.

2025 ஜூலை 3

நேற்று எழுதியதோடு சேர வேண்டியது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் உரிய ஓர் ஆபத்து இதில் இருக்கிறது, அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் மோசமானதாகத் தோன்றுகிறது.

ஓர் ஆலயத்தின் பங்கு மலருக்காகப் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலை வந்தது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துமுறைகளான பாமினியில் சிலவும் திஸ்கியில் சிலவும் தட்டச்சு செய்தவை. கோப்பைக் கொண்டுவந்தவர் அதற்கு முன்பே, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக ஒவ்வொன்றையும் ஒரு எடிட்டரில் திறந்து, தலைப்பில் ஆண்டைச் சேர்த்துச் சேமித்திருந்தார். பாமினிக் கோப்புகள் பெரும்பாலும் தப்பின, ஏனென்றால் அவை ஆங்கில விசைப்பலகை எழுத்துகளையே பயன்படுத்துகின்றன. திஸ்கியில் தமிழ் எழுத்துகள் 128 க்கு மேற்பட்ட எண்களில் இருக்கின்றன. எடிட்டர் கோப்பை யூனிகோடைச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறை என்று எண்ணித் திறந்தது. அந்த விதிக்குப் பொருந்தாத ஒவ்வொரு பைட்டின் இடத்திலும் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி போட்ட மாற்றெழுத்தை வைத்தது. திரையில் மட்டும் இருந்தவரை அது வெறும் தோற்றம். சேமித்த கணத்தில் அந்தக் கேள்விக்குறிகளே மூன்று மூன்று பைட்டுகளாகக் கோப்பில் இறங்கிவிட்டன. எந்தக் கேள்விக்குறி 'க' வாக இருந்தது, எது 'ங' வாக இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பெயர்மாற்றம், எஃப்சிங்க் எல்லாம் முறைப்படி நடந்தாலும் வட்டில் பத்திரமாகப் போய்ச் சேர்வது குப்பைதான்.

விம் இதில் கொஞ்சம் சமர்த்து. யூ.டி.எஃப்-8 பொருந்தவில்லையென்றால் கடைசியாக, ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்ற பழைய லத்தீன்-1 முறை என்று எடுத்துக்கொள்கிறது. அதில் பொருந்தாத பைட் என்று ஒன்று இல்லை. திரையில் வாயில் நுழையாத எழுத்துகள் தெரியும், ஆனால் சேமித்தால் அதே பைட்டுகள் அப்படியே திரும்ப எழுதப்படும். பழைய தமிழ்க் கோப்பு கையில் வந்தால் முதலில் ஒரு பிரதி எடுத்து அதைப் படிக்க மட்டும் என்று பூட்டுங்கள். திறப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

2025 ஜூலை 19

ஜூன் 17 அன்று எழுதியதன் தொடர்ச்சி. ரப்பர் பால் கடையில் எடிட்டரை அதே கோப்பின் மேல் எழுதவைத்தது அன்றைய காலைக்கு மருந்து, நெடுநாள் மருந்து அல்ல என்று அப்போதே மனத்தில் உறுத்தியது. உறுத்தியபடியே நடந்தது. ஒரு நாள் ஒரு சீட்டில் விலை சுழி என்று வந்திருக்கிறது. விவசாயி சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததால் நட்டம் யாருக்கும் இல்லை.

காரணத்தைப் பார்த்தால், எடிட்டர் கோப்பைக் காலியாக்கியதும் ஐநோட்டிஃபை நிரலுக்கு மாற்றம் என்று சொல்லிவிடுகிறது. நிரல் ஓடிப்போய்ப் படிக்கிறது. எடிட்டர் புதிய எண்ணை இன்னும் எழுதவில்லை. அந்த இமைப்பொழுதுக்குள் படித்தால் கிடைப்பது வெறுமை, அதை நிரல் சுழி என்று எடுத்துக்கொள்கிறது. ஆக, பெயர்மாற்ற முறையில் நிரல் பழையதையே படித்துக்கொண்டிருந்தது. மேலெழுதும் முறையில் பாதி எழுதியதைப் படிக்கிறது. எடிட்டரின் திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு குறை மிஞ்சுகிறது என்றால், திருத்த வேண்டியது எடிட்டர் அல்ல, நிரல்.

நிரலில் செய்த மாற்றம் சிறியது. கோப்பைக் கவனிப்பதை விட்டுவிட்டு, அது இருக்கும் அடைவைக் கவனிக்கச் சொன்னேன். இரண்டு நிகழ்வுகளை மட்டும் கேட்டால் போதும்: எழுதுவதற்காகத் திறந்த கோப்பு மூடப்பட்டது என்பது ஒன்று, வேறு பெயரிலிருந்து இந்தப் பெயருக்கு ஒரு கோப்பு வந்து சேர்ந்தது என்பது மற்றொன்று. முதலாவது மேலெழுதும் எடிட்டர்களுக்கு, இரண்டாவது பெயர்மாற்றும் எடிட்டர்களுக்கு. நிகழ்வு வந்ததும் விலைக் கோப்பின் பெயரில் புதிதாகத் திறந்து படிக்க வேண்டும். படித்தது காலியாகவோ எண்ணாக இல்லாமலோ இருந்தால் முந்தைய விலையை வைத்துக்கொண்டு திரையில் எச்சரிக்கை காட்ட வேண்டும். 4913 போன்ற விருந்தாளிகள் வந்தால் பெயர் பொருந்தாததால் தானாகவே ஒதுங்கிவிடும். பிறகு எடிட்டரின் திருகை மீண்டும் பெயர்மாற்றத்துக்கே திருப்பிவிட்டேன், ஏனென்றால் அந்தக் கடையிலும் யுபிஎஸ் கிடையாது.

2025 ஜூலை 20

தானாகச் சேமிக்கும் வசதியை ஏன் பேசவில்லை என்று கேட்கிறார்கள். வி.எஸ். கோட்டில் அது இயல்பாக அணைந்திருக்கிறது. போட்டால், தட்டச்சு நின்று ஒரு நொடியில் சேமிக்கும்படி வைக்கலாம், சாளரத்தை விட்டு விலகும்போது மட்டும் என்றும் வைக்கலாம். கட்டுரை எழுதுகிறவர்களுக்கு நல்லது. வேறொரு நிரல் கவனித்துக்கொண்டிருக்கும் கோப்பில் போடாதீர்கள்: 185 என்று தட்டச்சு செய்ய நினைத்து 18 இல் விரல் நின்றால், 18 ரூபாய் விலையாகிவிடும். அது முறையான எண் என்பதால் நேற்று நான் சொன்ன காவலும் அதைத் தடுக்காது.

2025 ஆகஸ்ட் 6

கொல்லங்கோட்டிலிருந்து ஒருவர், டாக்கர் கன்டெய்னருக்குள் (நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டிக்குள்) தனது ஒற்றை அமைப்புக் கோப்பை இணைத்திருப்பதாகவும், வெளியே சேமித்தால் உள்ளே பழையதே தெரிவதாகவும், கன்டெய்னரை மீண்டும் தொடங்கினால் மட்டும் புதியது வருவதாகவும் எழுதுகிறார்.

ரப்பர் பால் கடையின் வழக்கேதான். ஒற்றைக் கோப்பை இணைக்கும்போது கன்டெய்னர் பிடித்துக்கொள்வது அந்தக் கணத்து ஐநோட்டை. எடிட்டர் பெயர்மாற்றிச் சேமித்ததும் வெளியே பெயர் புதிய ஐநோட்டுக்குப் போய்விடுகிறது, உள்ளே பழையது தங்கிவிடுகிறது. கோப்பை ஓர் அடைவுக்குள் வைத்து அந்த அடைவை இணையுங்கள். பெயரைத் தேடும் வேலை ஒவ்வொரு முறையும் புதிதாக நடக்கும், புதிய கோப்பு உள்ளேயும் தெரியும். உள்ளே ஓடும் நிரல் தொடக்கத்தில் மட்டும் கோப்பைப் படித்து நினைவில் வைத்துக்கொள்ளும் வகை என்றால், அதை மறுபடி படிக்கச் சொல்லும் சமிக்ஞையையும் நீங்கள்தான் அனுப்ப வேண்டும்.